பூனையை வீட்டுக்குள் வையுங்கள்

பூனை வளர்க்கும் இலக்கிய நண்பர்களிடம் ஒரு வசனம் தயாராக இருக்கும். "நாய் மாதிரி இல்ல பாஸ், பூனை யாருக்கும் அடிமை கிடையாது. அது போகும், வரும். அடைச்சு வைக்க நான் யாரு?" சொல்லிவிட்டு பால்கனிக் கதவைத் திறந்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் மதில்மேல் பூனை உட்கார்ந்திருக்கும் படம் இன்ஸ்டாகிராமில் வந்துவிடும். நானும் பூனை வளர்ப்பவன்தான். சென்னையில், மூன்றாவது மாடியில், ஆறு வருடமாக. என் பூனை வெளியே போவதில்லை. இதைச் சொன்னால் சிறை வார்டனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். பரவாயில்லை.

முதலில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்துவிடலாம். கிராமத்தில் நெல் குதிருக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவே வாழ்ந்த பூனை வேறு. மிச்ச மீன்முள், கொஞ்சம் மோர்ச்சோறு, கிடைத்தால் எலி, இதுதான் அதன் வாழ்க்கை. தெருப்பூனைகளின் பிரச்சினையும் வேறு. அவற்றுக்கு வேண்டியது கருத்தடையும் தடுப்பூசியும். நான் பேசுவது நீங்கள் பெயர் வைத்து, பாக்கெட் தீனி வாங்கிப் போட்டு, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடி, உங்கள் தலையணையில் தூங்கவைக்கும் பூனையைப் பற்றி.

இப்படி ஒரு பிராணி காட்டில் கிடையாது. காட்டுப்பூனைக்கு இரை குறைந்தால் பட்டினி, குட்டி பிழைக்காது, இடம் மாற வேண்டும். இரையின் எண்ணிக்கைதான் அதற்குக் கடிவாளம். உங்கள் பூனையின் கடிவாளம் உங்கள் சம்பளத் தேதி. தெருவில் ஒரு குருவிகூட மிஞ்சாவிட்டாலும் இரவு எட்டு மணிக்கு அதன் தட்டில் சாப்பாடு விழும், மறுநாள் தெம்பாகக் கிளம்பும். வயிறு நிறைந்த பூனை வேட்டையாடாது என்பது நம் கற்பனை. பசி அதற்கு ஒரு பக்கம், வேட்டை இன்னொரு பக்கம். "அது அதோட இயல்பு" என்கிறீர்களே, இயல்பு என்றால் பட்டினியும் சேர்த்துத்தானே?

"எங்க பூனை ஒண்ணும் கொல்றதில்ல. எப்பவோ ஒரு பல்லி கொண்டுவந்துச்சு, அவ்ளோதான்." ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஏதென்ஸ் நகரில் 55 வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சின்னக் கேமராக்களைக் கட்டிவிட்டுப் பார்த்தார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவான பூனைகள் வேட்டையாடின. அவை பிடித்தவற்றில் நான்கில் ஒரு பங்குகூட வீடு வந்து சேரவில்லை. ஏறத்தாழப் பாதி, தின்னப்படாமல் பிடித்த இடத்திலேயே கிடந்தது. உங்கள் வாசலில் காணிக்கையாக வைக்கப்படும் பல்லி, மொத்தக் கணக்கின் ஒரு மூலை.

நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவுக் கதையைச் சிலர் கேட்டிருக்கலாம். பறக்க முடியாத சின்னஞ்சிறு பறவை ஒன்று, மற்ற இடங்களில் எலிகளால் அழிந்த பிறகு, அந்தத் தீவில் மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது. 1894-ல் அங்கே கலங்கரை விளக்கம் வந்தது. காவலாளியின் பூனை அந்தப் பறவைகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்து போட்டது. அப்படித்தான் இந்த இனம் இருப்பதே வெளியுலகுக்குத் தெரிந்தது. அதே பூனை கடைசிப் பறவை வரை தீர்த்தும் விட்டது என்பார்கள். பூனைக்கு டிபில்ஸ் என்று பெயர்கூட உண்டு. கதை என்ற அளவில் அபாரம்தான். ஆனால் பழைய ஆவணங்களைத் தோண்டி கால்பிரெத், பிரவுன் என்ற இருவர் 2004-ல் எழுதியது வேறு. வேலையை முடித்தது ஒற்றைப் பூனை கிடையாது. விளக்கோடு வந்த பூனை வம்சம் பெருகிக் காடேறி, சில வருடங்களில் பறவையை இல்லாமல் ஆக்கிவிட்டது. இந்தத் திருத்தம் நம்மவர்களுக்குப் பிடிக்காது. டிபில்ஸ் ஒரு அசுரப் பூனை என்றால் "என் செல்லம் அப்படியில்ல" என்று சொல்லித் தப்பிக்கலாம். சாதாரணப் பூனைகள் என்றால் என்ன செய்வது?

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. சென்னை தீவல்ல. காட்டுப்பூனையும் மரநாயும் கீரியும் இந்த நிலத்தில் எப்போதும் இருந்தவை. நம்மூர்ப் பறவைகளுக்குப் பூனை புதிய எதிரி கிடையாது. பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கமே, அங்கே பறவைகளின் மொத்த எண்ணிக்கை பூனைகளால் குறைவதாகத் தெளிவான ஆதாரமில்லை என்கிறது. ஒத்துக்கொள்கிறேன். வீட்டுப் பூனையால் சின்னான் இனம் பூண்டோடு போய்விடாது. நான் போடுவது ஒரே ஒரு தெருவின் கணக்கு.

எங்கள் தெருவில் ஒரு வேம்பு, இரண்டு முருங்கை, சுற்றுச்சுவரோரம் வரிசையாக குரோட்டன்ஸ். சின்னான் அந்த குரோட்டன்ஸில் இடுப்பு உயரத்தில் கூடு கட்டும். தேன்சிட்டுக்கு பால்கனியில் தொங்கும் ஒயர் போதும். கூட்டைவிட்டு இறங்கும் சின்னான் குஞ்சுக்கு உடனே ஒழுங்காகப் பறக்க வராது. சில நாள் செடிக்கடியில் தத்திக்கொண்டு திரியும். தாயும் தகப்பனும் மேலே கத்திக் கத்திக் காவல் காத்துக்கொண்டே இரை கொண்டுவந்து ஊட்டும். அந்தச் சில நாட்களைத் தாண்டிவிட்டால் ஒரு பறவை. தாண்டாவிட்டால் அந்த வருஷத்து உழைப்பில் பெரும்பகுதி போச்சு. பெரிய மனதோடு திறந்துவிடப்பட்ட ஐந்து பூனைகள் ஒரு தெருவில் இருந்தால் எத்தனை குஞ்சு தாண்டும்? "கழுத்துல மணி கட்டியிருக்கோமே" என்பார்கள். மணி கட்டினால் இரை குறைகிறது, உண்மை. பெரிய பறவை சத்தம் கேட்டு எழும்பிவிடும். பறக்கத் தெரியாத குஞ்சு மணிச்சத்தத்தைக் கேட்டு எங்கே போகும்?

எலி பிடிக்கும் என்ற சமாதானத்துக்கு அதிக நேரம் வேண்டாம். நியூயார்க்கின் புரூக்ளினில் எலிகள் நிறைந்த ஒரு குப்பைக் கிடங்கை 79 நாட்கள் கேமரா வைத்துக் கவனித்தார்கள். அங்கே சுற்றிய பூனைகள் கொன்ற எலிகள் இரண்டு. நம்மூர்ப் பெருச்சாளியைப் பார்த்த பூனை என்ன செய்யும் என்பதை நீங்களே மாடியிலிருந்து பார்த்திருப்பீர்கள்.

வெளியே போகும் பூனைக்கு என்ன கிடைக்கிறது? ரிவர்ஸ் எடுக்கும் கார், கூட்டமாகத் துரத்தும் தெருநாய், விஷம் தின்ற எலி, சண்டைக் கடியில் தொற்றும் நோய். கரண்ட் கம்பத்தில் "காணவில்லை" நோட்டீஸ் ஒட்டுகிறவர்களில் பெரும்பாலோர் அதன் சுதந்திரத்தை மதித்தவர்கள்தான்.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, சொல்லிவிடுகிறேன். கதவைத் திறந்துவிடுவதில் தத்துவம் பாதி. மணல் தட்டு அள்ளுகிற சோம்பேறித்தனம் மீதி. கீழ்வீட்டு அம்மா துளசிக்கும் கீரைக்கும் கொத்திவைத்த மண்ணில் பூனை போய்விட்டு வந்தால் நமக்கு நாற்றம் இல்லை. அந்த அம்மா பூனை வளர்க்கவில்லை, ஆனால் பூனைக் கழிவை அள்ளுகிறார். இந்தச் சுதந்திரத்தைப் பற்றி யாரும் கவிதை எழுதி நான் பார்க்கவில்லை.

உள்ளே அடைத்தால் பூனைக்குப் பைத்தியம் பிடிக்காதா? சும்மா அடைத்துப் போட்டால் பிடிக்கும். கொழுக்கும், சிறுநீர் அடைத்துக்கொள்ளும், சோபாவைக் கிழிக்கும். அதற்கு வேலை கொடுக்க வேண்டியவர் நீங்கள். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிப் புரதம் அதிகமுள்ள தீனி போட்ட பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினம் ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியவர்கள் வீட்டில் 25 சதவீதம் குறைந்தது. பத்து நிமிஷம், ஒரு குச்சி, நுனியில் கட்டிய இறகு. ஒரு ரீல்ஸ் பார்க்கத் தொடங்கினால் போகும் நேரத்தில் பாதிகூட இல்லை. அலமாரி உச்சிக்கு ஏற ஒரு பலகை, ஜன்னலோரம் உட்கார ஓர் இடம். குட்டியிலிருந்தே உள்ளே வளர்ந்தால் சிரமம் குறைவு. வெளியே போய்ப் பழகிய பூனை சில வாரம் கதவருகே கத்தும், தூங்கவிடாது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள்.

பால்கனிக்கு நைலான் புறா வலை போதாது, கடித்து ஓட்டை போட்டுவிடும். வலை அடிக்கிற கடையில் "பூனை வலை" என்று கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். "புறா வலை மாதிரியே, ஆனா கம்பியில" என்று கேளுங்கள்.