புதிர்ப்பாதையும் தண்டவாளமும்

கணினி விளையாட்டுப் பற்றி மலையகத்தில் எழும் பேச்சு பெரும்பாலும் கண்டனமாகவே அமைகின்றது. பரிசளிப்பு விழா மேடையிலும் பெற்றோர் கூட்டத்திலும் திருவிழாச் சொற்பொழிவிலும், இளைஞரைக் கெடுப்பது விளையாட்டே என்ற தீர்ப்பு விசாரணை எதுவுமின்றி வழங்கப்படுகின்றது. குற்றஞ்சாட்டப்பட்டவை எவை, அவற்றுள் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு யாது என்ற வினாக்களை எழுப்புவார் அரியர். நஞ்சையும் மருந்தையும் ஒரே அலுமாரியில் கண்டதற்காக அலுமாரியையே கொளுத்தச் சொல்லும் இப்போக்கு அறிவுக்குப் பொருந்துவதன்று. 1990களின் தொடக்கத்தில் தோன்றிய புதிர்ப்பாதைச் சுடுவிளையாட்டுகள் இக்கண்டனத்துக்கு உரியன அல்ல. வழிகாட்டுவார் இன்றி வழிகாணும் பழக்கத்தை அவை பயிற்றுகின்றன. மலையகத்து இளந்தலைமுறைக்கு இன்று வேண்டப்படுவதும் அப்பழக்கமே.

விளையாடுபவனின் கண்ணினூடாகவே உலகைக் காட்டும் விளையாட்டுகள் புதிர்ப்பாதையிலேயே பிறந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது. 1973 அளவில் அமெரிக்காவின் நாசா ஏம்ஸ் ஆய்வுநிலையத்தில் இளைஞர் சிலர் ஆக்கிய 'மேஸ் வோர்' என்பதன் பெயரே 'புதிர்ப்பாதைப் போர்' எனப் பொருள்படும். 1981 இல் சிங்கிளேயர் நிறுவனத்தின் மிகச் சிறிய கணினியொன்றுக்காக மல்கம் எவன்ஸ் ஆக்கிய விளையாட்டில் துப்பாக்கியே இல்லை. சுவர்களும், அவற்றிடையே துரத்திவரும் விலங்கொன்றும், வெளியேறும் வாயிலுமே இருந்தன. பாதை முதலில் வந்தது; துப்பாக்கி பின்னர் வந்து சேர்ந்தது. இவ்வரலாற்று வரிசையைத் தலைகீழாக்கி, சுடுதலே இவற்றின் உயிர் எனக் கூறுவோர் நுனியை வேராகக் கொண்டு மயங்குகின்றனர்.

இவ்வகை முழுமை பெற்றது இட் சொவ்ட்வெயர் என்னும் சிறு நிறுவனத்தின் கையிலாகும். 1992 மே மாதத்தில் வெளிவந்த 'வொல்ஃபன்ஸ்டைன் 3டி' 64 கட்டத்துக்கு 64 கட்டமான சதுரத் தளத்தின்மீது கட்டப்பட்டது. சுவர்கள் யாவும் ஒரே உயரம். திருப்பங்கள் யாவும் செங்கோணம். 1993 டிசம்பர் 10 ஆந் திகதி வெளியான 'டூம்' இத்தளைகளை அறுத்தது. சரிந்த சுவர்களும், உயர்ந்தும் தாழ்ந்தும் அமைந்த தரைகளும், இடத்துக்கிடம் மாறும் ஒளியும் அதில் இடம்பெற்றன. வெளியை இரண்டிரண்டாகப் பகுத்து மரவடிவில் அடுக்கி வைக்கும் கணிதமுறையொன்றை ஜோன் கார்மக் கையாண்டமையாலேயே, நான்கு மெகாபைட் நினைவகம் மட்டுமே கொண்ட அக்காலக் கணினியில் இஃது இயன்றது. முதற் பகுதி இலவசமாகப் பரப்பப்பட்டது; 1997 இறுதியில் அதன் மூலநிரலும் உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. அன்று முதல் இன்றுவரை பல நாட்டு ஆர்வலரும் அதற்குப் புதிய புதிய தளங்களை வரைந்துகொண்டே இருக்கின்றனர். முப்பது ஆண்டுகளின் பின்னும் இவ்வாறு உயிர்த்திருக்கும் ஒன்றைப் பழமையின் மீதுள்ள ஏக்கம் என்று தள்ளிவிடுவது எளிது, விளக்குவதே கடினம்.

விளக்கம் அதன் அமைப்பிலேயே உள்ளது. விளையாடுபவன் ஓர் அறையில் விடப்படுகின்றான். போகுமிடம் எதுவென யாரும் சொல்வதில்லை. நீலம், மஞ்சள், சிவப்பு எனச் சாவிகளும் அவற்றுக்குரிய கதவுகளும் வெவ்வேறு மூலைகளில் இருக்கின்றன. பூட்டிய கதவை முதலில் கண்டு, சாவியைப் பின்னர் கண்டு, கதவு இருந்த இடத்தை நினைவிற் கொண்டு திரும்பி வரல் வேண்டும். வரைபடம் உண்டு, ஆனால் விளையாடுபவன் கண்ணாற் கண்ட சுவர்களை மட்டுமே அது பொதுவாகக் கோடிட்டுக் காட்டும். நடந்தவனுக்கே வரைபடம் என்பது அதன் நீதி. சுவரின் ஓவியம் ஓரிடத்தில் சற்றே பொருந்தாதிருப்பின், அதன் பின்னே இரகசிய அறை இருத்தல் கூடும். தளம் முடிந்ததும், கொன்ற பகைவரின் விகிதத்தோடு, கண்டறிந்த இரகசியங்களின் விகிதமும் கணக்குக் காட்டப்படும். தேடாது கடந்தவனுக்கு அவன் கடந்தவை எவ்வளவு என்பது முகத்துக்கு நேரே சொல்லப்படுகின்றது.

இத்தளங்கள் மனம்போனபடி வரையப்பட்டவை அல்ல. அவற்றுட் பலவற்றை அமைத்த ஜோன் ரொமேரோ தமக்கென விதிகள் வகுத்துக்கொண்டார். ஒரே இடத்துக்குப் பலமுறை திரும்பிவரச் செய்து அவ்விடத்தின் வடிவத்தை விளையாடுபவன் உள்ளத்திற் பதியவைத்தல் வேண்டும். எளிதில் அடையாளங் காணத்தக்க இடக்குறிகளை ஆங்காங்கே நிறுவுதல் வேண்டும். வெளியே தென்படும் இடத்துக்குச் சென்றடையவும் முடிதல் வேண்டும் என்பன அவற்றுட் சில. இவை வழிகாணக் கற்பிக்கும் ஆசிரியனின் விதிகளேயன்றி வேறல்ல.

நுவரெலியாவிலிருந்து இராகலை செல்லும் வீதியில் அமைந்த கந்தப்பளையை அறிந்தவருக்கு இவ்வமைப்புப் புதிதாகத் தோன்றாது. பார்க், கொங்கோர்டியா, கோர்ட்லோட்ஜ், எஸ்க்டேல் என விரியும் தோட்டங்களில் தேயிலை மலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து கிடக்கின்றன. புதியவர் கண்ணுக்கு எல்லா நிரையும் ஒன்றுபோலவே காணப்படும். பனிமூட்டம் இறங்கிவிட்டாற் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. கொழுந்தெடுக்கும் பெண்ணோ எந்தக் கானைத் தாண்டினால் எந்த இலக்க மலை, எந்தக் கல்லருகே திரும்பினால் லயத்துக்குக் குறுக்குப்பாதை என்பதை எவரையும் கேளாது அறிவாள். அவ்வறிவு ஏட்டில் இல்லை. கங்காணி கற்பித்ததும் அன்று. நடந்து, தவறி, திரும்பி வந்து, மீண்டும் நடந்து பெற்றது. புதிர்ப்பாதை விளையாட்டுப் பயிற்றுவதும் இவ்வறிவையே. தாயிடம் கால்வழி வந்த கலையைப் பிள்ளை கண்வழியும் கைவழியும் பழகுவதை வீண்பொழுது என்று இகழ்வதற்கு யாது நியாயம் உண்டு?

இதே கந்தப்பளையில் மற்றொரு பாதையும் இருந்தது. நானு ஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒடுங்கிய இருப்புப்பாதையொன்று 1904 இல் திறக்கப்பட்டு, 1940களில் மூடப்பட்டது. தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்கெனத் துரைமாரின் தேவைக்கேற்ப இடப்பட்ட பாதை அது. அதிற் செல்பவன் வழியை அறிய வேண்டியதில்லை, அமர்ந்திருந்தாற் போதும். இன்றைய பெருஞ்செலவுச் சுடுவிளையாட்டுகளுட் பல இத்தண்டவாளத்தையே ஒத்தன. 1998 இன் 'ஹாஃப் லைஃப்' கதையோட்டத்துக்காக ஒற்றைவழியை நாடியபோது அதில் ஒரு புத்தாக்கம் இருந்தது என்பதை மறுத்தல் ஆகாது. ஆனால் 2003 இல் தொடங்கிய 'கோல் ஒவ் டியூட்டி' வரிசையும் அதனைப் பின்பற்றியவையும் அப்புத்தாக்கத்தை வாய்பாடாக்கிவிட்டன. திசைகாட்டியில் இலக்குக் குறி மின்னும். பிற்காலப் பதிப்புகளில், பின்தொடருமாறு பணிக்கும் சொல்லே தோழப் படைவீரன் தலைக்குமேல் மிதக்கும். படம் அழகு, ஒலி துல்லியம், ஆனால் விளையாடுபவன் செய்வது, முன்னால் நடப்பவன் முதுகைப் பார்த்து நடப்பது மட்டுமே.

புதிர்ப்பாதை குழப்பமானது, சலிப்பூட்டுவது, அம்பும் குறியும் நாகரிக வளர்ச்சியின் அடையாளங்கள் என்பது இவற்றை ஆதரிப்போர் வாதம். வழிதவறியவன் சலிப்படைவது உண்மையே. மோசமாக வரையப்பட்ட தளங்கள் பழைய விளையாட்டுகளிலும் உண்டு. ஒரே நிறச் சுவர்களை வரிசையாக அடுக்கி இடக்குறி எதுவும் வையாது விட்டவை பாராட்டுக்குரியன அல்ல. எனினும் சலிப்பை நீக்குவதற்காகத் தேடலையே நீக்குவது, பசியை நீக்குவதற்காக நாவை அறுப்பது போன்றது. 2018 இல் வெளிவந்த 'டஸ்க்', 2019 இல் வெளிவந்த 'அயன் ஃபியூரி' முதலிய விளையாட்டுகள் பழைய அமைப்பை விரும்பியே மீட்டெடுத்தன. அம்பு இருந்தும் அம்பை வேண்டாதார் உளர் என்பதற்கு இவையே சான்று.

இரண்டாவது வாதம் வன்முறை பற்றியது; அதனைத் தட்டிக் கழித்தல் நேர்மையாகாது. டூம் விளையாட்டில் இரத்தம் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு அது ஏற்றதன்று. ஜேர்மனி 1994 இல் அதனை இளையோருக்கு விற்கத் தடைசெய்த பட்டியலிற் சேர்த்து, 2011 இலேயே நீக்கியது. அதே 2011 இல், இத்தகைய விளையாட்டுகளைச் சிறுவருக்கு விற்பதைத் தடுத்த கலிபோர்னியச் சட்டத்தை அமெரிக்க உயர் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. முன்வைக்கப்பட்ட ஆய்வுகள் விளையாட்டே வன்செயலுக்குக் காரணம் என நிறுவவில்லை என்பதும் அத்தீர்ப்பிற் சுட்டப்பட்டது. வயதுக்கேற்ற கட்டுப்பாடு வேண்டும் என்பது வேறு; வகை முழுவதையும் பழிப்பது வேறு. தலைகொய்தலும் குருதி குடித்தலும் நிறைந்த பாரதக் கதையைக் கூத்தாக விடியவிடியப் பார்க்கும் சமூகம், திரையிற் காணும் கற்பனைப் பேய்களைக் கண்டு மட்டும் நடுங்குவது முரண்பாடாகும்.

மூளைபற்றிய ஆய்வுகளும் கண்டனக்காரருக்கு முழுத்துணை புரிவதில்லை. நகரின் தெருக்களையெல்லாம் மனனஞ்செய்த இலண்டன் வாடகை வண்டிச் சாரதியரின் மூளையில், இடநினைவோடு தொடர்புடைய பகுதியின் பின்புறம் பிறரினும் பெரிதாக இருந்தமை 2000 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. 2017 இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வு சுடுவிளையாட்டுகளை நேரடியாகவே நோக்கியது. அவ்விளையாட்டுகளைப் பழகியோருள், இடங்களுக்கிடையேயான தொடர்பை மனத்தில் வரைந்து வழிகண்டோருக்கு அப்பகுதி வளர்ந்தது. பழக்கத்தால் இடமும் வலமும் திரும்பியோருக்கு அது குறைந்தது. இம்முடிவு இருமுனைக் கத்தி. சுடுவிளையாட்டுத் தீமை செய்யும் என்போருக்கு அதில் ஆதாரம் உண்டு. ஆனால் அத்தீமை சுடுதலால் அன்றி, சிந்தியாது நடத்தலால் விளைவது என்ற ஆதாரமும் அதிலேயே உண்டு. கேட்க வேண்டிய வினா, பிள்ளை எதைச் சுடுகின்றது என்பது மட்டுமன்று. எவ்வாறு வழிகாண்கின்றது என்பதுமாகும்.

இவ்வினா மலையகத்தில் தனிக்கனம் பெறுகின்றது. இம்மக்களின் பாதை நெடுங்காலமாகப் பிறராலேயே வரையப்பட்டு வந்துள்ளது. மண்டபம் வழியாகக் கங்காணி அழைத்துவந்த பாதை. விடியலில் தப்பொலி அழைக்கப் பிரட்டுக்களத்தில் நின்று, பிரித்துக் கொடுக்கப்பட்ட நிரையில் ஏறிய பாதை. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் அடைக்கப்பட்ட பாதை. 1964 அக்டோபர் 30 இல் இரு நாட்டுப் பிரதமர்கள் ஒப்பமிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பிரித்து, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கியபோது, போகும் வழியை அம்மக்களிடம் கேட்டார் இல்லை. இத்தகைய வரலாற்றைச் சுமக்கும் சமூகத்தின் கல்வி முதலிற் கற்பிக்க வேண்டியது வழிகாணும் துணிவையன்றோ? நடப்பதோ மறுதலை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் முதல் உயர்தரம் வரை, மாதிரி வினாத்தாளும் மனனக் குறிப்பும் எதிர்பார்க்கை வினாவும் அம்புக்குறிகளாகத் தொங்குகின்றன. மாணவன் முன்னே நடப்பவன் முதுகையே பார்க்கின்றான். தண்டவாளம் முடியும் இடத்தில் அவன் திகைத்து நிற்பதைக் கண்டு, விளையாட்டே அவனைக் கெடுத்தது எனப் பழிபோடுவது வசதியான பொய்.

அருச்சுனன் தபசு ஆடும் மலையகத்துக்கு அபிமன்யுவின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. சக்கரவியூகத்துள் நுழையும் வழியை அவன் கேட்டறிந்திருந்தான்; வெளியேறும் வழியைக் கேளாமையால் மாண்டான். வீரம் குறைந்ததாற் சாகவில்லை. சொல்லிக் கொடுத்ததற்கு அப்பால் தேடிப் பழகாமையாற் செத்தான். கேள்வி அறிவை மட்டுமே நம்பியவன் கதி அது. ஹளேபீடுச் சிற்பி அவ்வியூகத்தைக் கிளையற்ற ஒற்றைச் சுருள்வழியாகவே செதுக்கினான். அச்சிற்பத்தில் விரல் ஒருபோதும் வழிதவறாது. புதிர்ப்பாதை அத்தகையதன்று. அங்கு கிளைகள் உண்டு, முட்டுச்சுவர்கள் உண்டு, திரும்பி வருதலும் உண்டு. தவறியவன் அங்கே சாவதில்லை; கற்கின்றான்.

இவ்விளையாட்டுகள் எளியவர்க்கும் எட்டக்கூடியவை என்பதும் சிறு செய்தியன்று. கைப்பேசிச் சுடுவிளையாட்டுகள் புதிய கருவியையும் இடையறாத் தரவுத் தொடர்பையும் வேண்டுவதோடு, ஆடைக்கும் ஆயுத அலங்காரத்துக்கும் காசு பறிக்கின்றன. தோட்டக் குடும்பத்தின் நாட்சம்பளத்தைக் கரைப்பவை அவையே. டூம் போன்றவையோ பிற இடங்களிற் கழித்து ஒதுக்கப்பட்ட பழங்கணினியிலும், இணையத் தொடர்பு இல்லாமலே இயங்கும். தளம் வரையும் கருவிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. கந்தப்பளையின் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தொழிற்சாலை 1996 முதல் உல்லாச விடுதியாகத் திகழ்கின்றது. அதன் மாடிகளில் இன்று தங்குவோர் வேறு. கொழுந்து வாட்டும் மாடி, அரைக்கும் கூடம், நொதிக்க வைக்கும் தளம், உலர்த்தும் அறை, சலித்துத் தரம் பிரிக்கும் அறை எனத் தொடரும் பழைய தொழிற்சாலையொன்றைப் புதிர்ப்பாதைத் தளமாக வரைய முற்படும் மாணவன், அளவையும் நிரலாக்கத்தையும் மட்டுமன்றித் தன் பாட்டனாரின் உழைப்பு எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு நகர்ந்தது என்பதையும் கற்பான். அத்தளத்தில் பேய்களும் துப்பாக்கியும் வேண்டாவெனின் அகற்றிவிடலாம். சாவியும் கதவும் மட்டும் இருந்தாற் போதும்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் மலையகப் பாடசாலைகளின் கணினிக் கூடங்களும் இப்பணியை மேற்கொள்ளல் வேண்டும். தடைசெய்தல் எளிது, தெரிந்தெடுத்துக் கொடுத்தலே பொறுப்பு. அம்பைப் பார்த்து நடப்பவனை உருவாக்கும் விளையாட்டும், அம்பைப் பார்த்து எழுதுபவனை உருவாக்கும் வகுப்பும் ஒரே தண்டவாளத்தின் இரு இரும்புகள். இராகலைப் பாதையின் இரும்பு பெயர்த்தெடுக்கப்பட்டு எண்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. கால்கள் கண்டறிந்த குறுக்குப்பாதைகள் இன்றும் மலைமீது உள்ளன.