இரண்டடி ஆழம்: செயற்பொறியாளர் ஒருவருக்குத் திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய செயற்பொறியாளர் ஐயா அவர்களுக்கு,

குடிகாட்டிலிருந்து எழுதுகிறேன். தங்கள் பெயரையோ, தங்கள் இலாகாவின் பெயரையோ, அந்த வடிகால் வேலையை எடுத்த ஒப்பந்தக்காரரின் பெயரையோ இம்மடலில் நான் குறிக்கப் போவதில்லை. பெயர் குறித்து எழுதிய விண்ணப்பங்கள் யாவும், குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்தவை உட்பட, பல அலுவலகங்களைப் பிரதட்சிணம் செய்துவிட்டுக் கடைசியில் தங்கள் மேசைக்கே வந்து சேர்ந்து அங்கேயே உறங்கிவிட்டமையால், பெயரில்லாத கடிதத்துக்காவது ஒரு பதில் பிறக்குமோ என்ற நப்பாசைதான் காரணம். படித்த மாத்திரத்தில் எந்த வடிகாலைச் சொல்கிறேன் என்பது தங்களுக்கு விளங்கிவிடும்.

எழுத்து மூலமான அனுமதியின்றி வேலையைப் பிறருக்குக் கைமாற்றிக் கொடுத்தல் ஆகாது என்ற ஷரத்து இலாகா ஒப்பந்தங்களில் அச்சாகியிருப்பதையும், அச்சான மை காய்வதற்குள் வேலை இரண்டு கை மூன்று கை மாறிவிடுவதையும் என்னைவிடத் தாங்கள் நன்கு அறிவீர்கள். ஆகையால் விதிகளைப் பற்றிப் பிரசங்கம் செய்யாமல், ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் தங்கள் சமூகத்தில் வைக்கிறேன்.

உப்பனாற்றை நோக்கிச் செல்லும் அந்த மழைநீர் வடிகாலில் ஒரு பகுதியை எங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவர் அந்த ஒப்பந்தக்காரரிடமிருந்து சப்-கான்ட்ராக்டாக எடுத்தார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிக் காட்டி, “இங்கே போடு” என்றார்கள், போட்டார். தேதியும் தொகையும் எழுதாத காசோலை ஒன்றையும் ‘செக்யூரிட்டி’ என்று வாங்கிக்கொண்டார்கள், கொடுத்தார். மேலிடத்திலிருந்து பணம் வரப்பெற்ற பின்னரே இவருக்குப் பணம் தரப்படும் என்ற வாசகம் அதற்கு முந்தைய பக்கத்தில் இருந்தது என்பது, பணம் கேட்கப் போன அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

வேலை நடந்தது ஐப்பசி அடைமழையில். உப்பனாற்று ஓரத்து மண்ணை அறியாதவரல்லர் தாங்கள்: கொஞ்சம் தோண்டினாலே ஊற்றெடுக்கும், பக்கவாட்டு மணல் சரிந்து உள்ளே விழும். ஒப்பந்தத்தில் கண்ட ஆழத்துக்குக் கொத்தனார் தோண்டி முடித்துக் கம்பி கட்டத் தயாரான நேரத்தில், தங்கள் உதவிப் பொறியாளர் ஜீப்பிலிருந்து இறங்கிக் குடையைப் பிடித்தபடியே கரையில் நின்று, பூட்ஸ் நுனியால் பள்ளத்தைச் சுட்டிக்காட்டி, “மட்டம் சேரவில்லை, இன்னும் இரண்டடி இறக்கு, பில்லில் பார்த்துக்கொள்ளலாம்” என்று உத்தரவிட்டுப் போனார். கொத்தனார் இறக்கினார். சவுக்குக் கட்டைகளை அறைந்து, மணல் மூட்டைகளை அடுக்கி, வாடகை டீசல் என்ஜினை இரவும் பகலும் ஓட்டித் தண்ணீரை இறைத்து, மனைவியின் கழுத்தில் இருந்ததை அடகு வைத்து, சனிக்கிழமை தவறாமல் ஆட்களுக்குக் கூலி கொடுத்து, அந்த வடிகாலைக் கட்டி முடித்தார்.

அந்த இரண்டடிக்குப் பணம் கேட்டபோது, எழுத்து மூலமான உத்தரவு எங்கே என்று கேட்டார் ஒப்பந்தக்காரர். தங்களிடம் வந்தபோது, “உமக்கும் எமக்கும் ஒப்பந்தமே இல்லையே” என்றீர்கள். சட்டப்படி அது சரியான பதில்தான். மழையில் நின்று அவருக்கு உத்தரவிடும்போது மட்டும் அந்த ஒப்பந்தமின்மை யாருடைய நினைவுக்கும் வரவில்லை.

பிறகு, அளவுப் புத்தகத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டோம். வர்த்தக ரகசியம் என்று மறுத்தீர்கள். ஊர்ப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக் கல் எறிந்து விளையாடும் ஒரு வடிகாலின் ஆழம் எப்போது ரகசியமாயிற்று என்று வியந்துகொண்டே மேல்முறையீடு செய்தோம், நகல் வந்தது. அதில் அந்த இரண்டடி இருக்கிறது, ஐயா! கூடுதல் தோண்டல், ஊற்று நீர் இறைப்பு, கூடுதல் கான்கிரீட் என்று வரி வரியாக, உதவிப் பொறியாளரின் கையொப்பத்தோடும் அதன்கீழ்த் தங்கள் கையொப்பத்தோடும் பதிவாகி, பணமும் ஒப்பந்தக்காரருக்கு முழுமையாகப் பட்டுவாடா ஆகியிருக்கிறது. எழுத்தில் இல்லாத ஆழம் என்று கொத்தனாரிடம் சொல்லப்பட்டது, தங்கள் எழுத்தில் இருந்தது. மேலிடத்திலிருந்து வராத பணம் என்று சொல்லப்பட்டது, வந்து செலவும் ஆகிவிட்டது.

இன்னும் கேளுங்கள். பில் எழுதிக் கொடுத்த குற்றத்துக்காக, கைக்கு வராத தொகைக்கு ஜி.எஸ்.டி.யை அவர் கட்டியாயிற்று. ஓரிடத்தில் சுவரில் கீறல் கண்டதும் தாங்கள் பிடித்தம் செய்தீர்கள். ஒப்பந்தக்காரர் அந்தப் பிடித்தத்தை அப்படியே இவர் கணக்கில் எழுதினார். லாபம் மேலே தங்குகிறது, நஷ்டம் மட்டும் சிந்தாமல் சிதறாமல் அடிமட்டம் வரை வந்து சேருகிறது. வடிகாலில் தண்ணீர்கூட அவ்வளவு ஒழுங்காக ஓடுவதில்லை.

இது எங்கள் கொத்தனார் ஒருவரின் தலைவிதி என்று தாங்கள் ஒதுக்கிவிடவும் கூடும். ஆனால் எங்கள் கடற்கரையிலேயே நாகார்ஜுனா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கட்டுமானம் 2011 டிசம்பர் 30-ஆம் நாள் அடித்த தானே புயலோடு முடங்கி, அக்கம்பெனி பின்னர் திவால் வழக்கில் கலைப்புக்கு உள்ளானதைத் தாங்களும் கண்டிருப்பீர்கள். திவால் சட்டத்தின் வரிசையில் ஈடு பெற்ற வங்கிகளும் கம்பெனியின் சொந்தத் தொழிலாளரும் முன்னே நிற்பார்கள். வேலை செய்து கொடுத்துப் பணத்துக்குக் காத்திருப்பவன் மிகவும் பின்னால் நிற்பான். அவனுக்குக் கீழே வேலை செய்தவனுக்கோ அந்த வரிசையில் இடமே கிடையாது. சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் தரவேண்டும் என்ற 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடினால், கட்டுமான ஒப்பந்தம் அதன் வரம்புக்குள் வராது என்று உயர்நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சாரம் ஏறப் போகும் சிங்கப்பூரில், மேலே இருப்பவருக்குப் பணம் வந்தால்தான் கீழே இருப்பவருக்குத் தருவோம் என்ற ஷரத்துச் செல்லாது என்று 2004-இலேயே சட்டம் செய்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 1996-இல், மேலே இருப்பவர் திவாலான சந்தர்ப்பம் ஒன்றை மட்டும் விலக்கிவிட்டு, அதே ஏற்பாட்டைச் செய்தார்கள். இங்கே அப்படியொரு சட்டம் வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். கொத்தனாருக்கு வயது ஐம்பத்தெட்டுத்தான் ஆகிறது, காத்திருப்பார். அடகுக் கடைக்காரருக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை.

சட்டம் இயற்றும்படி தங்களைக் கேட்கவில்லை. ஒப்பந்தக்காரரின் பில்லில் பராமரிப்புக்காக நிறுத்திவைத்த தொகை இன்னும் தங்கள் வசம் இருக்கிறது. பராமரிப்புக் காலம் இந்தப் பங்குனியோடு முடிகிறது. அதன்பின் தங்களின் ஒரு கையொப்பத்தில் அதுவும் போய்விடும். அந்தக் கையொப்பத்தைப் போடுமுன், அளவுப் புத்தகத்தில் தாங்கள் கையொப்பமிட்ட அந்தப் பக்கத்தையும், எங்கள் கொத்தனாரையும், ஒப்பந்தக்காரரையும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வைத்து, அந்த இரண்டடியைத் தோண்டியது யார் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நகல் எங்களிடம் இருக்கிறது. அழைத்தால் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

இங்ஙனம்,
அந்த விண்ணப்பங்களையெல்லாம் எழுதிக் கொடுத்த குடிகாட்டுவாசி