பிடியரிசி

துன்பம் மனிதனைப் புடமிடுகிறது என்னும் வாக்கியம் நம் நாட்டுத் தேவாலயப் பிரசங்கங்களிலே அடிக்கடி கேட்கப்படும் ஒன்று. சாவு வீட்டிலும், அகதி முகாமிலும், வைத்தியசாலைக் கட்டிலருகிலும் இதனைக் கேட்டிருக்கிறோம். கேட்டுத் தலையசைத்தும் இருக்கிறோம். ஆயினும், இது முழு உண்மையன்று என்பதே என் கருத்து.

நான் ஒரு கிறிஸ்தவன். யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமமொன்றிலே பிறந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உபாத்தியாயராகக் கடமையாற்றி ஓய்ந்தவன். விசுவாசத்தைக் குறைகூறும் நோக்கம் எனக்கில்லை. அது எங்கே வேரூன்றுகிறது என்பதைப் பிழையாக விளங்கிக்கொண்டால், எங்கே நீர் வார்ப்பது என்பதிலும் பிழைவிடுவோம் என்ற அச்சத்தினாலேயே இதனை எழுதுகிறேன்.

துன்பம் தன்னளவிலே எவரையும் பக்தராக்குவதில்லை. ஒரே புயலிலே வள்ளத்தை இழந்த இருவருள் ஒருவர் ஆண்டவனை நாடுகிறார்; மற்றவர் அவனை வெறுத்து ஒதுங்குகிறார். புயல் ஒன்றே, விளைவு வேறு. அவ்வாறாயின், விசுவாசத்தை ஆழப்படுத்துவது புயலன்று, வேறொன்று என்பது தெளிவு. அந்த வேறொன்று யாது என்பதை நான் நூல்களிலே கற்கவில்லை. ஒரு பால்மாப் பேணியிடத்தே கற்றேன்.

எங்கள் ஊர்ப் பெண்களிடம் பிடியரிசி எடுக்கும் வழக்கம் இருந்ததை முதியோர் அறிவர். உலையிலிட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு பாத்திரத்திலே போட்டு வைப்பார்கள். அது சேர்ந்ததும் கோவிலுக்கோ, வறியவர் வீட்டுக்கோ போகும். சைவ வீடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. என் தாயாரும் தம் வாழ்நாள் முழுவதும் இதனைச் செய்து வந்தார். அதை நான் ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

1995ஆம் ஆண்டு ஐப்பசி மாத இறுதியிலே வலிகாமம் முழுவதும் ஓரிரவுக்குள் எழுந்து நடந்தது. கொட்டும் மழையிலே, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, இலட்சக்கணக்கான மக்கள் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தனர். அவர்களுள் நாங்களும் இருந்தோம். பாடசாலைக் கட்டடமொன்றின் ஒரு மூலையிலே, சீலையொன்றை மறைப்பாகக் கட்டி, பத்துப்பேர் ஒதுங்கினோம். நிவாரண அரிசி கிடைத்த நாளிலே கஞ்சி. கிடையாத நாளிலே பச்சைத் தண்ணீர். அந்நிலையிலும் அம்மா உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துப் பழைய பால்மாப் பேணியொன்றிலே போட்டார். நான் பொறுமை இழந்தேன்.

"எங்களுக்கே காணாது. இதை ஆருக்கு அம்மா எடுத்து வைக்கிறியள்?"

"எங்களிலும் இல்லாத ஆக்கள் இருப்பினம்தானே, தம்பி. கை பழகிப் போச்சு."

அந்நாட்களிலே நான் செபிப்பதை நிறுத்தியிருந்தேன். செபமாலையை எடுத்தால் கை கூசியது. வீட்டையும் ஊரையும் பறிகொடுத்த பின்பு எதைக் கேட்பது, எதற்கு நன்றி கூறுவது என்பது எனக்கு விளங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாடசாலை மண்டபத்திலே போதகர் ஒருவர் பேசினார். ஆண்டவர் தாம் நேசிப்பவர்களுக்கே துன்பத்தை அனுப்புகிறார் என்றும், இத்துயர் நமக்குக் கிடைத்த வரப்பிரசாதம் என்றும் அவர் விரித்துரைத்தார். அவர் நல்லவர், தாமும் இடம்பெயர்ந்தவர், நல்லெண்ணத்துடனேயே பேசினார். ஆனால், சுவரோரம் இருந்த இளம்பெண்ணொருத்தி இடைநடுவில் எழுந்து வெளியே போய்விட்டாள். வழிப்பயணத்திலே காய்ச்சல் கண்டு அவளுடைய கைக்குழந்தை இறந்து பத்து நாட்கள்கூட ஆகவில்லை.

அம்மாவும் எழுந்து அவள் பின்னே சென்றார். ஆறுதல் மொழி ஏதும் கூறவில்லை. மரநிழலிலே அவளருகே அமர்ந்து, சுளகிலே அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கத் தொடங்கினார். மறுநாளும் அவ்வாறே. மூன்றாம் நாள் அப்பெண் சுளகைத் தன்பக்கம் இழுத்துத் தானும் கல் பொறுக்கினாள். நிவாரண வரிசைக்குப் போவதையே அவள் விட்டிருந்தாள் என்பது பின்னரே எனக்குத் தெரிந்தது. பேணியில் இருந்த பிடியரிசி அவளுக்கே போயிற்று.

அப்பெண் அதன்பின் விசுவாசத்திலே திளைத்தாள் என்று நான் கதை கட்டப் போவதில்லை. மாறியது என் மனமே. அன்றிரவு, எத்தனையோ வாரங்களுக்குப் பின்னர், அம்மாவின் செபமாலைக்கு நானும் பதிலுரைத்தேன். போதகரின் சொல்லால் அன்று, சுளகின் ஓசையாலேயே என் நா அசைந்தது. கர்த்தர் கற்பித்த செபத்திலே உணவைக் கேட்கும் பகுதி வந்தபோது, அது நாளைக்கோ அடுத்த மாதத்துக்கோ கேட்கவில்லை, இன்றைக்கு மாத்திரமே கேட்கிறது என்பதை முதன்முறையாகக் கவனித்தேன். ஒரு நாளுக்கு வேண்டிய உணவு, ஒரு நாளுக்கு வேண்டிய விசுவாசம். அதற்கு மேல் நம்மிடம் எதிர்பார்க்கப்படவில்லை.

இது ஒரு வீட்டின் கதை மட்டும்தானா என்று கேட்பாருக்கு நம் மண்ணின் வரலாற்றையே சான்றாகக் காட்டுவேன். 1658ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது மரணதண்டனைக்குரிய குற்றம் என்ற கட்டளையும் அவ்வாண்டிலேயே பிறந்தது. துன்புறுத்தியவர்களும் கிறிஸ்துவின் நாமத்தையே உச்சரித்தவர்கள் என்பதை வெட்கத்துடன் நினைவுகூர வேண்டும். 1687ஆம் ஆண்டிலேயே, கோவாவில் பிறந்த யோசப் வாஸ் அடிகள், கூலியாள் கோலத்திலே இங்கு வந்து சேர்ந்தார். கழுத்திலே செபமாலையை அணிந்து, வீடு வீடாகப் பிச்சை கேட்பவர்போலச் சென்று, அதனைக் கண்டு முகம் மாறுவோரைக் கொண்டே தம்மவரை அடையாளம் கண்டார். சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று.

இடைப்பட்ட இருபத்தொன்பது ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். பூசை இல்லை, பிரசங்கம் இல்லை, திருவிழா இல்லை. குருவானவர் ஒருவரையேனும் கண்ணாற் காணாமலே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து பிள்ளைகளையும் பெற்றுவிட்டது. அவ்வாறிருந்தும் அச்செபமாலையைக் கண்டு முகம் மலர ஆட்கள் இருந்தனர் என்றால், அதனைக் காத்து வைத்தது யார்? அடுப்பங்கரையிலே பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்த தாய்மாரும், இருள் சூழ்ந்தபின் குரல் தாழ்த்திச் செபித்த குடும்பங்களுமே அன்றோ? துன்பம் அவர்களைச் சுற்றி நின்றது. ஆனால், விசுவாசத்தைக் காத்தது அத்துன்பமன்று. அதன் நடுவிலும் விடாது செய்யப்பட்ட சிறிய காரியமே.

வாஸ் அடிகளின் பிற்கால வாழ்வும் இதனையே கூறுகிறது. 1697ஆம் ஆண்டிலே கண்டியில் வைசூரி பரவியபோது, உறவினராலேயே கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிச் சென்று அவர் பணிவிடை செய்தார். இன்ன மதத்தவர் என்று பார்க்கவில்லை. நோய் வரப்பிரசாதம் என்று போதித்துக்கொண்டிருக்கவுமில்லை. உணவு கொடுத்தார், புண்ணைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். 2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆம் திகதி காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தபோது, என் நினைவுக்கு வந்தது அவர் கழுவிய புண்களே.

யேசு பிரானுடைய வாழ்வையும் நாம் இந்நோக்கிலே காண்பதில்லை. அவர் வெளிப்படையாகப் போதிக்கத் தொடங்கியபோது ஏறக்குறைய முப்பது வயதினராயிருந்தார் என்று லூக்கா சொல்கிறார். அதற்கு முற்பட்ட காலத்தின் பெரும்பகுதி நாசரேத்தூரில் ஒரு தச்சர் வீட்டிலே கழிந்தது. சிலுவையை மட்டும் தியானித்து உளியையும் மரத்தூளையும் மறந்துவிடுகிறோம். நாளாந்த உழைப்பிலே பழகிய தோளே பின்னர் சிலுவையையும் சுமந்தது என்று நான் எண்ணுவதுண்டு.

இங்கே ஒரு தடை எழலாம். 'கை பழகிப் போதல் வெறும் பழக்கமன்றோ? உள்ளம் ஒன்றாத பழக்கம் பக்தியாகுமா?' என்று கேட்பாருளர். நியாயமான கேள்வியே. வாய் செபத்தை உருட்ட, மனம் கடைத்தெருவிலே திரிவதை நானும் என்னிடத்தே கண்டிருக்கிறேன். ஆயினும், உள்ளம் எப்போதும் ஒன்றியிருக்கும் என்று எவர் உறுதி கூற முடியும்? துயரத்தின் முதல் அடியிலேயே ஒடிந்து விழுவது உணர்ச்சிதான். அது விழுந்துகிடக்கும் காலத்திலே, அது மீண்டும் எழும்வரை வீட்டைக் காப்பது பழகிய கை. என் தாயார் அந்த ஐப்பசியிலே மனம் நிறைந்த பக்தியுடன் இருந்தாரென்று நான் நினைக்கவில்லை. இரவுகளிலே அவர் அழுததை அறிவேன். ஆனால், காலையிலே கை அதன் வேலையைச் செய்தது.

மேலும், துன்பத்தைப் புகழ்வதிலே ஓர் அபாயமும் உண்டு. துன்பம் வரம் என்றால், அதனை விளைவிப்பவன் வரம் கொடுப்பவனாகிவிடுவான். பிறருடைய பசியைத் தத்துவமாக்குவதற்குக் கிறிஸ்தவனுக்கு உரிமையில்லை. தன் துன்பத்தைத் தாங்குவதும், பிறர் துன்பத்தைத் தீர்ப்பதுமே அவனுக்கு விதிக்கப்பட்டவை. இவ்விரண்டையும் இடம் மாற்றிவிட்டோமானால், நம் பிரசங்கம் எத்துணை இனிமையானதாயினும் பயனில்லை.

கோவிற் கதவுகள் எப்போதும் திறந்திருக்குமென்று நம்பியிருந்த காலமும் போயிற்று. 2019ஆம் ஆண்டு சித்திரை மாதம் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் செபித்திருந்தவர்கள் மீது குண்டுகள் வெடித்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்க ஆலயங்களிலே பொதுப்பூசை நிறுத்தப்பட்டது. மக்கள் வீட்டிலிருந்து தொலைக்காட்சியிலே பூசை கண்டனர். 2020ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் மறுபடியும் கதவுகளை அடைத்தது. 2022ஆம் ஆண்டிலோ மண்ணெண்ணெய் இன்றி எங்கள் கரையிலே வள்ளங்கள் கிடந்தன. எரிவாயு இன்றி வீடுகளிலே விறகடுப்பு மீண்டது. அக்காலங்களிலே, வீட்டிலே கூடிச் செபிக்கவும் அயலாருடன் பகிர்ந்துண்ணவும் பழகியிருந்த குடும்பங்கள் நிலைகுலையவில்லை. அப்பழக்கம் அற்ற குடும்பங்களோ, என் குடும்பம் உட்பட, தடுமாறின. அம்மா காலமானபின் எங்கள் வீட்டிலும் பிடியரிசி நின்றுபோயிருந்தது.

ஆகவே, நம் சபைகளிடமும் குடும்பங்களிடமும் நான் வேண்டுவது பெரிதன்று. திருவிழாவுக்கு மின்விளக்குகள் கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லேன். ஆனால், மாலைச் செபத்துக்குரிய கால்மணி நேரத்தைத் தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் தாரைவார்த்துவிட்டு, துன்பம் வந்து நம் விசுவாசத்தை ஆழப்படுத்தட்டும் என்று காத்திராதீர்கள். அது வரும்போது வெறுங்கையுடனேயே வரும். நம் வீட்டில் இருப்பதையே அது பரிசோதிக்கும். துயருற்றோரிடம் செல்லும் போதகர்களே, அவர்களுக்குத் துன்பத்தின் பயனை விளக்குமுன், அவ்வீட்டிலே இன்று உலை ஏறியதா என்று விசாரியுங்கள். ஏறவில்லையாயின், பிரசங்கத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பால்மாப் பேணி இன்னமும் எங்கள் வீட்டிலே இருக்கிறது. விளிம்பு துருப்பிடித்துவிட்டது. 2022ஆம் ஆண்டின் வறட்சியிலே அதனைக் கழுவித் துடைத்து மீண்டும் அடுப்பங்கரையிலே வைத்தோம். அரிசி அளக்கும் வேலை இப்போது என்னுடையது. பலநாட்களிலே மறந்துவிடுகிறேன், உலை கொதித்தபின் நினைவு வந்து நாணுகிறேன். என் கை இன்னும் பழகவில்லை.