பதினெட்டு வயதுக்குப் பிறகு

மகனுக்கு 18 வயது நிறைந்தால் பெற்றோர் நிம்மதிப் பெருமூச்சு விடுவது வழக்கம். அறிவுசார் குறைபாடு உள்ள மகன் என்றால் அன்றுதான் பெரிய கவலை ஆரம்பம். சட்டம் உறுதியளிக்கும் இலவசக் கல்வி அந்த வயதோடு முடிந்துவிடுகிறது. பாதுகாவலரை நியமிக்க 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழி இருக்கிறது. வேலைக்கு?

அரசுப் பணிகளில் ஊனமுற்றோருக்கு 3 சதவீத ஒதுக்கீடு அளித்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களை மறந்தது. அதை 4 சதவீதமாக்கிய 2016ஆம் ஆண்டுச் சட்டம், அதில் 1 சதவீதத்தை ஆட்டிசம், மனநோய் போன்றவை உள்ளவர்களோடு இவர்களும் பகிர்ந்துகொள்ளச் செய்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த இடத்துக்குப் போகும் வழியில் பெரும்பாலும் எழுத்துத் தேர்வு குறுக்கே நிற்கிறது.

கோப்புகளை ஒழுங்காக அடுக்கவும் தோட்டத்தைப் பராமரிக்கவும் தெரிந்தவரிடம் பொது அறிவுக் கேள்வித்தாளை நீட்டுவது என்ன நியாயம்? செய்ய வேண்டிய வேலையையே செய்துகாட்டச் சொல்லலாம். முதல் சில மாதங்கள் பக்கத்திலிருந்து பழக்க ஒருவரை அமர்த்தலாம். செய்த வேலைக்கு முழுச் சம்பளம் தர வேண்டும். தங்கள் காலத்துக்குப் பிறகு இவன் கதி என்ன என்று அஞ்சும் பெற்றோருக்கு, பாதுகாவலர் மட்டும் போதாது. மகனுக்கென்று ஒரு வருமானமும் வேண்டும்.