நகவெட்டிக்கு அங்கே வேலையில்லை

கேரட் துண்டைக் கண்டதும் கினி பிக் ஓடிவருகிறது. வாயில் எடுக்கிறது, மெல்ல முடியாமல் கீழே போடுகிறது. மோவாய் எச்சிலில் நனைந்திருக்கிறது. ‘சேட்டை’ என்று வீட்டார் சிரிக்கலாம். கீழ்க் கடைவாய்ப் பற்கள் இருபுறமிருந்தும் உள்நோக்கி வளர்ந்து, நாக்கின்மேல் பாலம் கட்டியதுபோல் அதை அமுக்கிக்கொண்டிருக்கவும் கூடும்.

கினி பிக்குக்கு 20 பற்கள். அத்தனையும் சாகும்வரை வளரும். சின்சில்லாவுக்கும் அப்படியே. எலி, ஹாம்ஸ்டருக்கு முன்பற்கள் நான்கு மட்டுமே வளரும்.

முன்பல் நீண்டால் நகவெட்டியால் நறுக்கிவிடும் பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். நறுக்கும்போது பல் நெடுக்காகப் பிளந்து, வேர்வரை கிருமி இறங்கிச் சீழ் வைக்கலாம். அதோடு, கினி பிக்கின் முன்பல் நீள்வதற்குப் பெரும்பாலும் காரணமே கடைவாய்க் கோளாறுதான். மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, கடைவாய்ப் பற்களைக் கருவியால் ராவிச் சமன்செய்வதே முறையான சிகிச்சை.

அந்த மயக்க மருந்தும் லேசுப்பட்டதல்ல. பிரிட்டனில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், மயக்கத்தை ஒட்டிய மரணம் நாய்களில் 0.17 சதவீதம், கினி பிக்குகளில் 3.8 சதவீதம். தொண்டைத் துவாரம் மிகச் சிறியது. மூச்சுக்குழாய் செருகுவது அனுபவசாலிகளுக்கே சவால். பிழைத்தாலும் குடல் இயக்கம் நின்றுவிடாமலிருக்க, ஊசியில்லாத சிரிஞ்சால் கூழ் ஊட்ட வேண்டும். வேர் கோணிவிட்டால் சில வாரங்களில் மறுபடியும் அதே மேசை.

இவ்வளவு பாடும் பல நேரம் தீவனத்தில் தொடங்குவதுதான் எரிச்சல். உருண்டைத் தீவனம் சீக்கிரம் கரைந்துவிடும், பல் தேயாது. நாரும் சிலிக்காவும் உள்ள புல்லை நாளெல்லாம் அரைத்தால்தான் தேயும். இறக்குமதி உலர்புல் விலை அதிகம் என்பவர்களுக்கு, மருந்து தெளிக்காத அருகம்புல் போதும். மனிதரைப் போலவே கினி பிக்கின் உடலும் வைட்டமின் சி தயாரிக்காது. அது குறைந்தால் பல்லைப் பிடித்திருக்கும் திசுக்கள் தளரும். குடமிளகாய், கொத்தமல்லித் தழை தினமும் தர வேண்டும். பிராணியைக் கூண்டோடு விற்கும் கடைக்காரர் இதை ஒரு துண்டுச்சீட்டில் அச்சிட்டுத் தரக் கூடாதா? அறுவைச் செலவு பிராணியின் விலையைப் பல மடங்கு தாண்டும் என்பதையும் அதிலேயே சொல்லிவிடலாம்.

வாங்கியவர்களுக்கு ஒரு சமையலறைத் தராசு போதும். வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்துவைத்தால், தட்டில் தீவனம் மிஞ்சுவதற்கு முன்பே எடை இறங்குவது தெரிந்துவிடும். மருத்துவரிடம் போக அவகாசமும் இருக்கும்.