வாசலில் நாய் மட்டும் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி இயல்)

ராஜபாளையத்துக்காரனிடம் காவலைப் பற்றிக் கேட்டால் நாயைத்தான் சொல்வான். எங்கள் ஊர் வெள்ளை நாய் வாசலில் நின்றால் அயலான் படியேறத் தயங்குவான் என்பது உண்மையே. ஆனால், எப்படியோ உள்ளே வந்துவிட்ட ஒருவனை அது என்ன செய்யும்?

இக்கேள்வி எனக்குச் சென்ற கோடை விடுமுறையில் எழுந்தது. ஊரில் ஒரு நிறுவனத்தில் ஒரு மாதம் எடுபிடி வேலை. அங்கே தொலைபேசி இணைப்பகம் என்பது ஒரு பழைய கணிப்பொறி. அதில் ஆஸ்டெரிஸ்க் என்னும் மென்பொருள். இணைப்பகம் வாங்கப் பணமில்லாத மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க மாணவர் 1999இல் தாமே எழுதியது அது. இன்றும் இலவசம். ஒரு ஞாயிறு இரவு அந்தப் பெட்டி விடிய விடிய வெளிநாட்டு எண்களை அழைத்திருக்கிறது. பில்லைக் கண்ட முதலாளி, “நீதான் யாருக்கோ பாஸ்வேர்டைச் சொல்லியிருப்பாய்” என்று வரவேற்பு மேசையிலிருந்த அக்காவின் மேல் பாய்ந்தார். எவன் எவ்வழி வந்தான் என்று காட்டவேண்டிய பதிவேடோ, அந்த இரவுக்கு மட்டும் துடைத்துவைத்தாற்போல் வெறுமையாக இருந்தது. அக்காவுக்குச் சம்பளத்தில் பிடித்தம்.

இது எங்கள் ஊர் அதிசயமன்று. ஆஸ்டெரிஸ்க்கை நிர்வகிக்கும் வலைப்பக்கத்தின் ஓட்டை வழியே உலகெங்கும் ஏறத்தாழ 1,200 நிறுவனங்கள் தாக்கப்பட்டதை 2020இல் செக் பாயிண்ட் நிறுவனம் வெளியிட்டது. கிரேக்க நாட்டில் 2004-05இல் பிரதமரின் கைப்பேசியையே ஒட்டுக்கேட்டவர்களும் இணைப்பக மென்பொருளுக்குள் புகுந்தவர்களே.

சாதாரண லினக்ஸில் கோப்புக்கு உரியவன் தன் விருப்பப்படி அனுமதி தரலாம். ‘ரூட்’ என்பவனுக்கோ தடையே இல்லை. ஆஸ்டெரிஸ்க் ரூட்டாக ஓடினால் அதைக் கைப்பற்றியவனும் ரூட்! இதற்கு மாற்றுத்தான் கட்டாய அணுகல் கட்டுப்பாடு. அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. 2000இல் வெளியிட்ட எஸ்.இ.லினக்ஸ், 2003இல் லினக்ஸின் கருவிலேயே சேர்ந்துவிட்டது.

என் தாயார் நூற்பாலைத் தொழிலாளி. ஸ்பின்னிங்கில் இருப்பவருக்குப் பஞ்சு குடோனில் வேலையில்லை. மேஸ்திரி வேண்டியவராயினும் நுழைய முடியாது. அதுபோல இங்கே ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு முத்திரை. ஆஸ்டெரிஸ்க் தன் அமைப்புக் கோப்புகளைப் படிக்கலாம், குரல் அஞ்சலை எழுதலாம், 5060 என்னும் வாயிலில் அழைப்பை ஏற்கலாம். பதிவேட்டில் சேர்க்கலாம், அழிக்கலாகாது என்றும் விதி எழுதலாம். எழுதாதது எல்லாம் தடை. அந்நிரல் ரூட்டாகவே ஓடினாலும் தடைதான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பில்லை இது மட்டும் தடுத்திருக்காது. அழைப்பது அம்மென்பொருளின் தொழிலாயிற்றே! வெளிநாட்டு அழைப்பை அடைப்பது தனி வேலை. ஆனால் பதிவேடு பிழைத்திருக்கும்.

அந்தக் கணிப்பொறியில் எஸ்.இ.லினக்ஸ் இல்லாமலில்லை. அணைத்து வைத்திருந்தார்கள். “அதை அணைத்துவிடு” என்றே பல நிறுவல் குறிப்புகள் தொடங்குகின்றன. காரணமும் உண்டு: நிர்வாகப் பக்கம் ஆஸ்டெரிஸ்க்கின் கோப்புகளை மாற்றியாக வேண்டும், விதி சற்றுப் பிசகினால் தொலைபேசி ஊமையாகிவிடும். அதற்காகத் தடுக்காமல் குறித்துவைக்க மட்டும் செய்யும் நிலை ஒன்று இருக்கிறதே! சில நாள் அப்படி ஓடவிட்டு, குறிப்புகளைப் படித்து, தேவையானதை மட்டும் அனுமதிக்கலாம். குறித்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அனுமதிக்கும் சோம்பேறிகளும் உளர். அது அணைத்துவைப்பதற்குச் சமம். நம் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 2014இன் 5.0 பதிப்பு முதல் இக்கட்டுப்பாடு முழுமையாக நடக்கிறது. எவரும் முணுமுணுக்கக் காணோம்.

அந்த அக்கா இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில் இருக்கிறார். சென்ற வாரம் கல்லூரி விட்டு வரும்போது பார்த்தேன். கால் கிலோ நிறுத்தார். பெயருக்கு நேரே கணக்கில் எழுதிவிட்டே கொடுத்தார். பிறகு மெதுவாக, “தம்பி, அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவு எங்கேயாவது கிடைக்குமா?” என்றார்.

கிடைக்காது என்றேன்.