பனி ஊதும் இயந்திரம்: தள்ளப்போவது யார் என்று பார்த்து வாங்குங்கள்

அக்டோபர் வந்துவிட்டால் மொன்றியல், லாவால் பக்கத்துக் கடைகளில் பனி ஊதும் இயந்திரங்களை வாசலிலேயே வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். இங்கே அதற்கு 'சூஃப்ளேஸ்' என்று பெயர். ஊதுவது என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த காலத்தில் 'நேழ்' என்றால் பனி என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், மார்கழிப் பனியை மனதில் வைத்துக்கொண்டு. முழங்கால் உயரப் பனியைப் பார்த்தது பணி ஓய்வுக்குப் பிறகு, மகன் வீட்டில்தான்.

இந்த இயந்திரத்துக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. கியூபெக்காரரான ஆர்தர் சிகார் 1925-இல் தமது பனி ஊதும் வண்டியை உருவாக்கினார். 1927-இல் ஊத்ரமோன் நகரம் அதை வாங்கியது. அது லாரி அளவு. நம் கராஜில் நிற்பது அதன் பேரப்பிள்ளை.

நம் வீடுகளில் இதை வாங்குவது பிள்ளைகள். பார்ப்பது இரண்டு: விலை, குதிரைத்திறன். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது, அதைத் தள்ளப்போவது யார் என்பதை. பிள்ளைகள் விடியுமுன் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பகலில் வீட்டில் இருப்பது நாம். அவர்கள் திரும்பும்போது கார் உள்ளே வர வழி வேண்டுமே என்று ஷவலைக் கையில் எடுப்பதும் நாம்தான். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும். கனத்த பனியை வாரும்போது இரத்த அழுத்தம் ஏறும். பனி வாரும்போது மாரடைப்பு வருவது வெறும் பயமுறுத்தல் அல்ல.

இரண்டாவது, நகராட்சி வண்டி. அது தெருவைச் சுத்தம் செய்துவிட்டு நம் டிரைவ்வே வாயில் ஒரு வரப்பு கட்டிவிட்டுப் போகும். உப்பும் ஈரமும் கலந்து கல்லாக இறுகிய பனி அது. வாசலில் விழுந்த பஞ்சுப் பனியை எந்த இயந்திரமும் ஊதும். இந்த வரப்பில்தான் இயந்திரத்தின் தரம் தெரியும்.

ஒற்றைக் கட்ட இயந்திரம் எடை குறைவு, திருப்புவது எளிது. ஆனால் அதன் துடுப்பு தரையைத் தொட்டுச் சுழல்வதால் தார், சிமெண்ட் தரைக்கு மட்டுமே ஏற்றது. ஜல்லித் தரையானால் கல்லையும் சேர்த்து வீசும். வரப்பிலும் திணறும். இரண்டு கட்ட இயந்திரத்தில் முன்னால் உள்ள திருகு பனியை வெட்டி உள்ளே தள்ளும். பின்னால் உள்ள விசிறி அதைத் தூக்கி எறியும். சக்கரங்களும் தானே உருளும். இரண்டு கார் நிற்கும் டிரைவ்வேக்கு 24 அங்குல அகலம் போதும். அதைவிட அகலமானால் நம் கைக்கு அடங்காது. கைப்பிடியில் விசையை அழுத்தினால் தானே திரும்பும் வசதி இருந்தால், சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாவது அதையே வாங்கச் சொல்லுங்கள். மாடல் பெயரைவிட, பக்கத்தில் பழுது பார்ப்பவர் இருக்கிறாரா என்பது முக்கியம்.

வாங்கி வந்ததும் கோப்பைப் படிப்பதுபோல் கையேட்டை முழுக்கப் படியுங்கள். எஞ்சின் ஆயில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இரண்டு டயரிலும் காற்று ஒரே அளவு இருக்கட்டும்; இல்லையேல் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். தார்த்தரையானால் கீழ்ப்பட்டைக்கு அடியில் ஓர் அட்டையைச் செருகி, பக்கவாட்டுச் சறுக்குக் கட்டைகளைத் தரை தொட இறக்கி முடுக்குங்கள். ஜல்லியானால் ஓர் அங்குலமாவது உயர்த்துங்கள். திருகைப் பிடித்திருக்கும் முறியும் ஆணிகளில் நாலைந்து கூடுதலாக வாங்கி வையுங்கள். கல்லில் மாட்டினால் கியர் பெட்டியைக் காப்பாற்ற அவை தாமே முறியும். அந்த இடத்தில் சாதாரண போல்ட்டைப் போட்டால் முறிவது கியர் பெட்டி. முதல் பனிக்கு முன்பே டிரைவ்வே ஓரங்களில் குச்சி நட்டுவிடுங்கள். பனியைத் தெருவில் வீசக் கூடாது. காற்றுப் போகும் திசையிலேயே வீசுங்கள்.

இரண்டு விஷயத்தில் சலுகையே கிடையாது. கராஜுக்குள் எஞ்சினை ஓட்டாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் சரி. அந்தப் புகை ஆளைக் கொல்லும். பனி அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, சுழற்சி நின்ற பின், கூடவே வரும் குச்சியால் மட்டும் குத்தி எடுங்கள். நிறுத்திய பிறகும் இறுக்கத்தில் ஒரு சுற்று சுற்றி விரலை எடுத்துவிடும்.

மாதாமாதம் ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்துவிடலாமே என்பார்கள். இதய நோயாளிகளுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். இயந்திரமும் வேண்டாம், ஷவலும் வேண்டாம். மற்றவர்களுக்கு, இந்த ஊரின் நீண்ட குளிர்காலத்தில் காலையில் அரை மணி நேரம் வெளியே நின்று, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கையசைத்துவிட்டு வருவது நல்ல மருந்து. ஆகவே பிள்ளைகள் கடைக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். கைப்பிடியைப் பிடித்து, ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டுப் பிறகு சம்மதம் சொல்லுங்கள்.